துண்டுச்சீட்டு அட்டைக்குள்ளேயே இருந்தது

அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்தது நான்தான். ஒரு தொலைபேசி எண், அதற்குக் கீழே 'மனநல ஆலோசனை' என்று இரண்டு சொற்கள். 11ஆம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்த பெண் அவள். இரண்டு மாதமாகத் தூக்கம் சரியில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, வகுப்பில் உட்கார்ந்தாலே மூச்சு முட்டுகிறது என்று ஒரு நாள் மாலை சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த நம்பருக்குக் கூப்பிடும்மா, நல்லாப் பாத்துக்குவாங்க" என்றேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நம்பி வீட்டுக்குப் போனேன்.

ஐந்து வாரம் கழித்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தபோது அந்தச் சீட்டு மேலட்டைக்குள் நான் மடித்துக் கொடுத்த மடிப்போடு அப்படியே இருந்தது. அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ரெண்டு தடவை நம்பரை அடிச்சேன் மிஸ். யாராவது எடுத்தா முதல்ல என்ன சொல்லணும்னு தெரியல. கட் பண்ணிட்டேன்" என்றாள்.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் மனநலம் படித்தவள் இல்லை, கணக்கு டீச்சர். ஆனால் அன்றிலிருந்து எத்தனையோ பிள்ளைகளோடும் அவர்கள் வீட்டாரோடும் உதவி தேடி அலைந்திருக்கிறேன். நம்பர் கையில் இருப்பதற்கும் கதவைத் தட்டி உள்ளே போய் உட்காருவதற்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது. பெரும்பாலானோர் அந்தத் தூரத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். நோய் முற்றியதாலோ மருத்துவர் இல்லாததாலோ நிற்கிறவர்கள் குறைவு. அந்தத் தூரத்தை எப்படிக் கடக்கவைப்பது என்பதை நான் கற்றுக்கொண்ட வரை எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும், நண்பனுக்கு உதவ நினைக்கும் மாணவர்களுக்கும் பயன்படலாம்.

சீட்டைக் கண்ட அன்று மாலையே அந்த எண்ணை நானே அழைத்தேன். மூன்று முறை மணி அடித்து நின்றது. நான்காவது முறை எடுத்தவர், அந்தக் கவுன்சிலர் இடம் மாறிப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது என்றார். அந்தப் பெண் தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு பேசியிருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய பதில் அதுதான். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

பள்ளி அலுவலகத்தில் 14 இடங்களின் பெயரோடு ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. என் ஓய்வுப் பாடவேளைகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழைத்தேன். முடிக்க மூன்று வாரம் ஆனது. 4 எண்கள் உபயோகத்திலேயே இல்லை. 3 இடங்களில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பார்ப்பதில்லை. 2 இடங்கள் குடிப்பழக்கத்திலிருந்து மீட்க மட்டும் நடப்பவை. ஒன்று எண் மாறாமல் வேறு வேலைக்கு மாறியிருந்தது. மிச்சம் நான்கு. 14 பெயர் எழுதிய காகிதத்தைவிட அந்த நான்கும் எனக்குப் பெரிதாகத் தெரிந்தன.

அழைக்கும்போது என்ன கேட்பது என்பதும் போகப் போகத்தான் பிடிபட்டது. முதலில் "அங்கே கவுன்சிலிங் உண்டா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் உண்டு என்றார்கள். இப்போது கேட்பதே வேறு. எந்த வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிறீர்கள்? இன்று அழைத்தால் முதல் சந்திப்பு எப்போது கிடைக்கும்? பெற்றோர் கையெழுத்து வேண்டுமா, பிள்ளை மட்டும் வந்தால் பேசுவீர்களா? (இந்தச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், இடத்துக்கு இடம் வழக்கமும் மாறும், அதனால் கேட்டே ஆக வேண்டும்.) கட்டணம் எவ்வளவு, முடியாதவர்களுக்குக் குறைப்பீர்களா? பள்ளி விட்டபின் அல்லது விடுமுறை நாளில் நேரம் உண்டா? பெண் பிள்ளை பெண்ணிடம்தான் பேசுவேன் என்றால் ஆள் இருக்கிறாரா? வீட்டில் பேசும் மொழியிலேயே பேசலாமா? அப்புறம் ஒரு கேள்வி, எல்லாவற்றையும்விட முக்கியமானது: "உயிரை விட்டுவிடலாம்னு தோணுது என்று பிள்ளை சொன்னால் அடுத்து என்ன செய்வீர்கள்?" இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்கிற இடத்துக்கு என் பட்டியலில் முதலிடம்.

பார்க்கிறவரின் படிப்பையும் பதிவையும் கேட்க ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை. மனநல மருத்துவர் எங்கேயும் பதிவு பெற்ற மருத்துவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் 'கவுன்சிலர்' என்று பலகை மாட்டிக்கொள்ளப் பல நாடுகளில் எந்தப் பதிவும் தேவையில்லை. அருமையான கவுன்சிலர்களும் இருக்கிறார்கள், ஒரு வாரப் பயிற்சியோடு உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். நல்லவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை.

யார் என்ன செய்வார்கள் என்ற குழப்பம் படித்த குடும்பங்களிலும் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். மனநல மருத்துவர் நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் சோதனைகள் செய்வார், பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருவார், பெரும்பாலான நாடுகளில் மருந்து எழுதமாட்டார். கவுன்சிலர் தேர்வு பயம், பிரிவு, வீட்டுச் சண்டை போன்ற நெருக்கடிகளில் கூட இருந்து வழி காண உதவுவார். தூக்கமும் சாப்பாடும் அடியோடு கெட்டுப்போயிருந்தால், இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், நேராக மனநல மருத்துவரிடம் போகச் சொல்வேன். எதுவும் புரியவில்லை என்றால் குடும்ப மருத்துவரே நல்ல தொடக்கம். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும்கூடச் சோர்வாகவும் மனச்சோர்வாகவும் தெரியும். ஒரு இரத்தப் பரிசோதனை அதைப் பிரித்துக் காட்டும்.

பக்கத்தில் மனநல மருத்துவரே இல்லை என்று கைவிரிக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்காகச் சொல்கிறேன்: உலக சுகாதார நிறுவனம் 2008இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் நோக்கமே சாதாரண மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனச்சோர்வு, வலிப்பு, போதைப்பழக்கம் போன்றவற்றைக் கையாளப் பழக்குவதுதான். அப்படிப் பயிற்சி பெற்றவர் பக்கத்துச் சுகாதார நிலையத்திலேயே இருக்கலாம், கேட்டால்தான் தெரியும். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் வயதான பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே பெஞ்சுகளில் உட்காரவைத்தார். அவர்களோடு பேசியவர்களின் மனச்சோர்வு குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, மருத்துவக் கல்லூரி, உளவியல் துறை இருக்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். சில பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்குப் பார்ப்பார்கள். பட்டியல்களில் இவை பெரும்பாலும் வருவதில்லை. என் நான்கு ஏழானது இப்படித்தான்.

சரி, அந்தப் பெண்ணிடம் திரும்பி வருகிறேன். அந்த எண் பயன்படாது என்று தெரிந்த அடுத்த நாள் இருவரும் ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் உட்கார்ந்து, வேறு ஒரு இடத்துக்குப் போனில் சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதினோம். "வணக்கம். எனக்கு 16 வயசு. மூணு மாசமா தூக்கம் வரல, படிக்க முடியல. யாரையாவது பாக்கணும், எப்ப வரலாம்?" இவ்வளவுதான். காரணம் சொல்ல வேண்டியதில்லை, கதை சொல்ல வேண்டியதில்லை. போனை எடுக்கிறவர் பெரும்பாலும் நேரம் குறித்துக்கொடுக்கும் ஊழியர், அவரிடம் மனதைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. இதை நான் சொன்னதும் அவள் முகத்தில் பாதி பாரம் இறங்கியதைப் பார்த்தேன். போனில் வாய் திறந்ததும் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருக்கிறாள். இரண்டு முறை என்னிடமே சொல்லிப் பார்த்தாள். அப்புறம் ஸ்பீக்கரில் போட்டு அழைத்தோம். குரல் நடுங்கியது, ஆனால் காகிதத்தில் இருந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து யாருக்கும் நான் வெறும் எண்ணைக் கொடுத்ததில்லை. கூட உட்கார்ந்து முதல் அழைப்பை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

வீட்டில் சொல்வது இதைவிடக் கடினம். அவளுடைய அம்மாவை வரச்சொன்னபோது, "உங்க பொண்ணுக்கு டிப்ரஷன் இருக்கும்னு தோணுது" என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாவின் முகம் இறுகிப்போனது. "வீட்டுல எந்தக் குறையும் வைக்கலையே டீச்சர், அவளுக்கென்ன டிப்ரஷன்?" என்றார். அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. நோயின் பெயரைச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, அதனால் பயனும் இல்லை. ஒரு தாய் அதைக் குற்றச்சாட்டாகத்தான் கேட்பாள்.

அடுத்த முறை பார்த்ததை மட்டும் சொன்னேன். "மூணு வாரத்துல ஏழு நாள் வரல. எப்பவும் 80க்கு மேல வாங்குறவ, இந்தத் தடவை 35. சாப்பாட்டு நேரத்துல தனியா உட்கார்ந்திருக்கா. வீட்டுல நீங்க என்ன கவனிச்சீங்கம்மா?" கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், ராத்திரி இரண்டு மணிக்கும் அவள் விழித்துக் கிடப்பதையும், பிடித்த துணியைக்கூடத் தொடாமல் இருப்பதையும் சொன்னார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சொன்னால் தன் வளர்ப்பின் மேல் பழி வருமோ என்று உள்ளேயே வைத்திருந்திருக்கிறார். 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அவரிடம் சொன்னேன். "நம்ம வகுப்புல 42 பேர் இருக்காங்கம்மா" என்றேன். அவரே ஏழால் வகுத்துக்கொண்டார். "அப்ப இவ மட்டும் இல்லையா?" என்று கேட்ட குரலை இன்னும் மறக்கவில்லை.

அப்பாக்களின் பயம் வேறு மாதிரி. அவளுடைய அப்பாவுக்கு மாத்திரைதான் பயம். பழக்கமாகிவிடும், வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும், மந்தமாகிவிடுவாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவரிடம் நான் வாதாடவில்லை. "இதே கேள்விகளை எழுதிக்கிட்டு டாக்டர்கிட்டயே கேளுங்க சார், கேக்கிறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு" என்றேன். எழுதிக்கொண்டு போனார். மருத்துவர் அவருக்குச் சொன்னது எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டியது: மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதைப்பொருள் போல ஏங்கவைப்பவை இல்லை, ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். லேசான பாதிப்பு என்றால் பல நேரம் மாத்திரை இல்லாமலே பேச்சு சிகிச்சையில் தொடங்குவார்கள். இன்னொன்றும் சொன்னார். இளையவர்களில் சிலருக்கு மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால், 2004இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை எச்சரிக்கையாக அச்சிடச் சொன்னது. அதனால் அந்த வாரங்களில் பிள்ளையை அருகிருந்து கவனிக்க வேண்டும், மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். பயமுறுத்தும் செய்திதான். ஆனால் மறைக்காமல் சொன்னதாலேயே அந்த அப்பா அவரை நம்பினார்.

பிரார்த்தனை செய்தால் சரியாகிவிடும் என்று நம்பும் குடும்பங்களிடம் நான் எதிர்வாதம் செய்வதில்லை. பிரார்த்தனையும் நடக்கட்டும், மருத்துவரையும் பார்ப்போம் என்பேன். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று சொன்ன இடங்களில் மருத்துவத்தைத்தான் விட்டார்கள்.

இனி நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். 12ஆம் வகுப்புப் பையன் ஒருவன், வீட்டில் நடப்பதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். கவலையில் சக ஆசிரியர் ஒருவரிடம் நான் அதைப் பகிர்ந்தேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன், அவரும் நல்லெண்ணத்தில்தான் இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார். இரண்டே நாளில் அது வகுப்புக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த ஆண்டு முழுக்க யாரிடமும் எதையும் சொல்லவும் இல்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மிஸ்" என்றான். பரவாயில்லை என்று அவனுக்கு ஆகவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

இப்போது பேச்சு தொடங்கும்போதே சொல்லிவிடுகிறேன்: "நீ சொல்றது என்கிட்டயே இருக்கும். உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, இல்ல யாராவது உன்னைத் துன்புறுத்துறாங்கன்னா மட்டும் நான் ஒருத்தர்கிட்ட சொல்லியே ஆகணும். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." இதைக் கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. அவர்களில் சிலர் பிறகு திரும்பி வந்தார்கள்.

உயிர் ஆபத்து பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். "நீ சாகணும்னு நெனைக்கிறியா?" என்று நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று ரொம்ப நாள் பயந்தேன். பல ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இந்தப் பயம் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. தற்கொலை பற்றிய கேள்விகள் கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேட்டதால் வேதனை குறைந்தே இருந்தது. நானும் அதையே கண்டிருக்கிறேன். கேட்டவுடன் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு பெருமூச்சு விடுவார்கள்.

"ஆமாம்" என்று பதில் வந்தால் அந்தப் பிள்ளையை ஒரு நிமிடமும் தனியாக விடுவதில்லை. வீட்டுக்கு உடனே சொல்கிறேன். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறது என்றால் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுதான், பட்டியலும் காத்திருப்பும் அப்புறம். வீட்டில் மாத்திரைகள், பூச்சிமருந்து, ஆபத்தான எதுவாக இருந்தாலும் கைக்கு எட்டாமல் பூட்டச் சொல்கிறேன். "சாகணும்னு முடிவு பண்ணினவங்களைப் பூட்டு தடுக்குமா?" என்று ஒரு அப்பா கேட்டார். தடுக்கும். அந்த வேகம் பல நேரம் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் உச்சத்தில் இருக்கும். இலங்கையில் 1990களில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு தற்கொலை விகிதம் 2005க்குள் பாதியாகக் குறைந்தது. மனிதர்களின் துயரம் பாதியாகிவிடவில்லை, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஆபத்துதான் விலகியது. இதைச் சொன்னதும் அந்த அப்பா வேறு எதுவும் கேட்கவில்லை, வீட்டுக்குப் போய்ப் பூட்டினார்.

பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வடிவமைத்த பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத் தாள்தான். மனசு இருளத் தொடங்குவதற்கான அறிகுறிகள், தானே செய்யக்கூடியவை, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவரும் உதவி எண்களும், சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குவது என்று ஆறு பகுதி. இதைப் பிள்ளையே தன் வார்த்தையில் எழுத வேண்டும், பயிற்சி பெற்றவர் ஒருவர் கூட இருந்து எழுதவைப்பது நல்லது. மருத்துவரைப் பார்க்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் இந்தத் தாளோடு, பிறகு போன் செய்து விசாரிப்பதையும் சேர்த்துச் செய்தபோது, அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை முயற்சி போன்ற நடத்தைகள் கிட்டத்தட்டப் பாதியாக இருந்தன என்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது.

போன் செய்து விசாரிப்பது. அங்கேதான் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன். இதற்கும் பழைய சான்று ஒன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் 1969இல் ஒரு ஆய்வைத் தொடங்கினார். மனச்சோர்வுக்காகவோ தற்கொலை எண்ணத்துக்காகவோ மருத்துவமனையில் இருந்துவிட்டு, தொடர் சிகிச்சை வேண்டாம் என்று போனவர்கள் 843 பேர். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அவ்வப்போது சின்னக் கடிதங்கள் போயின. நலமாக இருக்கிறீர்களா, எங்களுக்கு ஏதாவது எழுத விரும்பினால் மகிழ்வோம் என்ற அளவில்தான். எந்த நிபந்தனையும் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. அதைப் படித்த பிறகு, மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளன்று மாலை வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்புவதை வழக்கமாக்கிக்கொண்டேன். "இன்னிக்கு எப்படி இருந்துச்சு? பதில் போடணும்னு அவசியம் இல்லை." பள்ளித் தலைமைக்கும் பெற்றோருக்கும் தெரிந்துதான் இதைச் செய்கிறேன், அந்த ஒழுங்கை யாரும் விட்டுவிடக் கூடாது.

காத்திருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு முதலில் கிடைத்த நேரம் ஆறு வாரம் கழித்து. யாராவது ரத்து செய்தால் கூப்பிடும்படி பெயரைப் பதிந்து வைத்தோம், 19ஆவது நாளே அழைப்பு வந்தது. நிறையப் பேருக்கு அப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாது. நடுவில் குடும்ப மருத்துவரைப் பார்த்தாள். வீட்டுப்பாடத்தைப் பாதியாக்க மற்ற ஆசிரியர்களிடம் பேசினேன், காரணம் சொல்லாமல். வாரத்துக்கு ஒரு நாள் பத்து நிமிடம் என்னோடு மைதானத்தைச் சுற்றி நடந்தாள். சில நாள் ஒரு வார்த்தையும் பேசமாட்டாள். நடந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்த 19 நாளில் அம்மாவும் அவளும் ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதினார்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், சாப்பாடு, வேறு மருந்துகள், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. முதல் சந்திப்பில் பெரும்பகுதி இந்தக் கேள்விகளிலேயே போய்விடும், பதற்றத்தில் பாதி மறந்துபோகும். காகிதம் மறக்காது. ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளையும் பல இடங்களில் நிரப்பச் சொல்வார்கள், கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தாய் என்று கேட்கும். அது தேர்வு இல்லை, நல்ல மதிப்பெண் வாங்க வேண்டியதில்லை என்று முன்பே சொல்லி அனுப்பினேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் அதிலும் 'சரியான' பதிலைத் தேடுவார்கள். ஒன்பதாவது கேள்வி இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் பற்றியது. அதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

முதல் சந்திப்பு முடிந்து வந்த அம்மா ஏமாற்றத்தோடு இருந்தார். "எல்லாத்தையும் கேட்டாங்க, ஒண்ணும் சொல்லல டீச்சர். இதுக்கா இவ்ளோ நாள் காத்திருந்தோம்?" இதைக் கிட்டத்தட்ட எல்லாக் குடும்பங்களும் சொல்கின்றன. இரண்டாவது சந்திப்புக்குப் போகாமல் நிற்பதும் இந்த இடத்தில்தான். அதனால் இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முதல் நாள் கேள்விகள்தான் இருக்கும், அடுத்த தேதியை வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள், மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்று முறைக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றுவதில் தப்பே இல்லை. ஒரு பையனை நான் அனுப்பிய இடத்தில், பெற்றோர் படும் கஷ்டத்தை நினைத்துப் பார் என்று ஒரு மணி நேரம் அறிவுரை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "அதைத்தானே மிஸ் நான் நாள் பூரா நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றான். அவனை வேறு ஒருவரிடம் கூட்டிப்போகச் சம்மதிக்கவைக்க நான்கு மாதம் ஆனது. அந்த இடத்தின் பெயரை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். திரும்பி வரும் பிள்ளையிடம் "அவங்க உன் பேச்சைக் கேட்டாங்களா?" என்று கேட்பேன். அந்த ஒரு பதிலை வைத்தே பட்டியலில் பெயர்கள் நிற்கின்றன, போகின்றன.

அந்தப் பெண்ணுக்கு மாத்திரை தேவைப்படவில்லை. பேச்சு சிகிச்சை ஏழெட்டு மாதம் நடந்தது. நடுவில் இரண்டு வாரம் மறுபடி கீழே விழுந்தாள், மறுபடி எழுந்தாள். 12ஆம் வகுப்பு முடித்துப் போகும்போது என்னிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். நாங்கள் எழுதிய அந்த நான்கு வரி. "வேற யாருக்காவது வேணும்னா குடுங்க மிஸ்" என்றாள். அதை நகல் எடுத்து வைத்திருக்கிறேன், வயதை மட்டும் வெற்றிடமாக விட்டு.

ஒவ்வொரு கல்வியாண்டும் தொடங்கும்போது பட்டியலில் இருக்கும் எல்லா எண்களையும் மறுபடி அழைக்கிறேன். இப்போது அதில் 11 இடங்கள். இந்த ஆண்டு ஒரு மருத்துவமனையில் எண் மாறியிருந்தது, இன்னொரு இடத்தில் மாலை நேரத்தை நிறுத்திவிட்டார்கள். புதிதாக ஒரு மனநலப் பிரிவின் செவிலியர் பொறுமையாக எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, "பேஷன்ட் யாரும்மா, உங்க பிள்ளையா?" என்று கேட்டார்.

"இன்னும் யாருன்னு தெரியாது சிஸ்டர். வருவாங்க" என்றேன்.

கொஞ்சம் யோசித்தவர், தன் மேசையின் நேரடி எண்ணைக் கொடுத்தார். புதன்கிழமை மதியம் கூட்டம் குறைவு, அன்று வந்தால் தானே உள்ளே கூட்டிப்போவதாகச் சொன்னார். பட்டியலில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்: புதன், மதியம், சிஸ்டரைக் கேட்கவும்.